கூத்தாடி என்னும் சொல்

தொழிலின் பெயராகப் பிறந்து, வசையாக வளர்ந்துவிட்ட சொற்கள் சில தமிழில் உண்டு. ‘கூத்தாடி’ அவற்றுள் ஒன்று. கூத்து ஆடுகிறவன் கூத்தாடி. சொல்லின் பிறப்பில் இழிவு எதுவுமில்லை. இறைவனையே கூத்தன் என்று அழைத்து வணங்கிய மரபு இந்த மண்ணில் உண்டு. ஆடலாசிரியனுக்கும் அரங்குக்கும் இலக்கணம் சொல்ல இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் ஒரு காதையையே ஒதுக்கினார். ஆயினும் ஒருவனைப் பொய்யன், நிலையற்றவன், பெண் கொடுக்கத் தகாதவன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடிக்க நம் ஊர்களில் நெடுங்காலம் பயன்பட்ட சொல் இதுவேயாகும்.

இந்த ஒரு சொல்லின் வரலாற்றை ஒரு நடிகரின் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவர் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் விழுப்புரத்தில் பிறந்தவர். வி.சி. கணேசன் என்ற பெயரின் முதல் எழுத்தில் விழுப்புரத்தை வாழ்நாள் முழுவதும் சுமந்தவர். உலகம் அவரைச் சிவாஜி கணேசன் என்று அறியும்.

கோமுகிக் கரையில் கூத்து

கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகி ஆறு கள்ளக்குறிச்சிச் சமவெளியில் இறங்கி ஓடுகிறது. இப்பகுதி 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்திலும், அதன்பின் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்து, 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சியைத் தலைநகராகக் கொண்ட தனி மாவட்டமாயிற்று. மாவட்டத்தின் பெயர் மாறிக்கொண்டே வந்தாலும், மண்ணின் கலை மாறவில்லை. தென்னார்க்காடு, வடார்க்காடு, செங்கற்பட்டு ஆகிய வடதமிழ் நிலப்பகுதிக்கு உரிய நாடகம் தெருக்கூத்து. அறுவடை முடிந்து வயல்கள் ஓய்ந்த பின், திரௌபதி அம்மன் கோவில் முன்றிலில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் பாரதக் கூத்தும் நாள்கணக்கில் நடக்கும். அருச்சுனன் தபசுக்காகக் கம்பம் ஏறுவான். துரியோதனன் படுகளத்தில் மண்ணுருவாகக் கிடப்பான். தீமிதியோடு பாரதம் முடியும். உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள கூவாகத்தில் சித்திரை முழுநிலவையொட்டிக் கூடும் கூத்தாண்டவர் திருவிழாவும், போருக்குப் பலியான அரவானின் கதையைச் சுற்றி எழுந்ததே.

மரத்தால் செய்த கிரீடமும் புஜகீர்த்தியும் மார்ப்பதக்கமும் அணிந்து, திரைக்குப் பின்னிருந்து பாடியபடி வெளிப்படும் கூத்துக் கலைஞன், அன்றிரவு ஊருக்கு அருச்சுனன். மக்கள் அவன் முன் எழுந்து நிற்பதுண்டு, கற்பூரம் ஏற்றுவதுமுண்டு. விடிந்து அரிதாரம் கலைந்ததும் அவன் மீண்டும் கூத்தாடியே. இரவில் கிடைத்த வணக்கம் பகலில் அவனோடு தெருவில் வருவதில்லை. கலையைக் கொண்டாடிக் கலைஞனைத் தள்ளிவைக்கும் இந்த இரட்டை மனத்தை நாம் தமிழருக்கு மட்டும் உரியதென்று எண்ணிவிடக் கூடாது.

ஆங்கில நாட்டிலும் இதே கதை

ஷேக்ஸ்பியரைப் பெற்றதாகப் பெருமை பேசும் இங்கிலாந்து, அவர் எட்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது, 1572இல் ஒரு சட்டம் இயற்றியது. உயர்குடிப் பிரபு ஒருவரின் ஆதரவைப் பெறாத நாடக நடிகர்கள் அனைவரும் அச்சட்டப்படி ஊர்சுற்றித் திரியும் போக்கிரிகள். அவர்களுக்குச் சவுக்கடியும், காதுமடலைச் சுட்டுத் துளையிடும் தண்டனையும் விதிக்கப்பட்டன. ஷேக்ஸ்பியரின் குழு பிரபு ஒருவரின் பெயரைத் தாங்கி நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பிரபுவின் நிழல் இல்லையேல் நடிகனுக்குச் சாட்டைதான்.

அந்த நாட்டில் நடிகர் ஒருவர் முதன்முதலாக ‘சர்’ பட்டம் பெற்றது 1895இல். பெற்றவர் ஹென்றி இர்விங். 1572இலிருந்து கணக்கிட்டால் 323 ஆண்டுகள். 1970இல் லாரன்ஸ் ஒலிவியர் பிரபுக்கள் சபையில் இடம்பெற்றார். பிரபுவின் நிழலில் ஒதுங்கி நின்ற தொழில், தானே பிரபுவாக அமர நான்கு நூற்றாண்டுகள் பிடித்தன.

திருச்சபையின் வரலாற்றையும் இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். கி.பி. 314இல் கூடிய ஆர்ல் சங்கம், நாடகத் தொழிலில் இருப்பவர்கள் அதில் நீடிக்கும்வரை நற்கருணை உறவில் சேர்க்கப்படலாகாது என்று விதித்தது. அன்றைய உரோமை அரங்கு ஒழுக்கக்கேட்டுக்கும், கிறிஸ்தவ மறையைக் கேலி செய்வதற்கும் பெயர்பெற்றிருந்தது என்பது உண்மையே. ஆனால் காரணம் மறைந்த பின்னும் வெறுப்பு மறையவில்லை. 1673இல் பிரான்சின் பெரும் நாடகாசிரியரும் நடிகருமான மோலியேர் இறந்தபோது, தொழிலைக் கைவிடாமல் இறந்த நடிகர் என்பதால் அவருக்குக் கிறிஸ்தவ அடக்கம் மறுக்கப்பட்டது. மன்னர் பதினான்காம் லூயி தலையிட்ட பிறகே, இரவு நேரத்தில், ஆடம்பரமின்றி அவர் புதைக்கப்பட்டார்.

இதே திருச்சபையின் பீடத்தடியில்தான் ஐரோப்பிய நாடகம் மறுபிறவி எடுத்தது என்பது வியப்புக்குரியது. பத்தாம் நூற்றாண்டில், பாஸ்கா விழாவின் வழிபாட்டில், வெறுமையான கல்லறையருகே வானதூதரும் பெண்களும் உரையாடுவதைத் துறவிகள் இரு பிரிவாக நின்று பாடி நடித்தார்கள். அந்தச் சில வரிகளிலிருந்து திருப்பாடுகளின் நாடகங்கள் வளர்ந்தன. நடிகர்களின் பாதுகாவலராக நாம் வணங்கும் புனித ஜெனேசியுசும் ஒரு நடிகரே. தியோக்கிளேசியன் மன்னன் முன் திருமுழுக்கைக் கேலி செய்து நடிக்கும்போதே மனந்திரும்பி, மேடையிலேயே விசுவாசத்தை அறிக்கையிட்டு, உயிர் கொடுத்தார் என்பது மரபு. நடிப்பு பொய் என்றவர்களுக்கு, நடித்தபடியே மெய்யைக் கண்டடைந்த ஒருவரின் கதையை மரபு பதிலாக வைத்திருக்கிறது.

பாலர் சபைகளின் காலம்

இப்போது தமிழகத்துக்குத் திரும்புவோம். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வழக்கறிஞர்களும் அரசு அலுவலர்களும் மேடையேறினார்கள். படித்தவன் நடித்தால் அது கலை. வயிற்றுப்பாட்டுக்கு ஒருவன் நடித்தால் அது கூத்து என்றொரு பிரிவு அப்போது ஏற்பட்டது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் பம்மலாரின் கையில் அமலாதித்யன் ஆனான். அவரே படைத்த மனோகரன் ஊர் ஊராகப் பேசப்பட்டான்.

தொழில்முறை நாடகமோ வேறு பாதையில் சென்றது. நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்பட்ட தூத்துக்குடி சங்கரதாஸ் சுவாமிகள், பெரிய நடிகர்களின் கட்டுப்பாடின்மையைக் கண்டு மனம் சலித்து, சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்தும் முறையை வளர்த்தார். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் பயிற்சி பெற்றார்கள். பின்னர் ‘பாய்ஸ் கம்பெனிகள்’ பல தோன்றின. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் ஏழு, எட்டு வயதிலேயே அவற்றில் சேர்க்கப்பட்டார்கள். சோறு, துணி, உறைவிடம், பயிற்சி ஆகியவையே பெரும்பாலும் ஊதியம். பாட்டும் வசனமும் அடியின் அச்சத்தில் மனப்பாடமாயின. குரல் இனிமையாக இருக்கும்வரை ‘ஸ்திரீபார்ட்’. மகரக்கட்டு உடைந்து குரல் தடித்துவிட்டால் எதிர்காலமே கேள்விக்குறி. ‘ராஜபார்ட்’ ஆனவர்கள் சிலர். எடுபிடியாகவே முடிந்தவர்கள் பலர்.

கத்தோலிக்கக் கதைகளும் இந்த மேடையில் இடம்பெற்றன என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். நவாப் ராஜமாணிக்கம் அவர்களின் தேவி பால வினோத சங்கீத சபா, இராமதாசையும் தசாவதாரத்தையும் நடத்திய அதே பக்தியோடு ‘இயேசுநாதர்’ நாடகத்தையும் நடத்தியது. தேவமாதாவின் அருளால் வெட்டுண்ட கைகளைத் திரும்பப் பெறும் ஞானசௌந்தரியின் கதை, மேடையில் புகழ்பெற்று 1948இல் திரைக்கும் வந்தது. அந்த மேடைகளில் மாதாவை நோக்கி மன்றாடிய நடிகர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவரல்லர். பிறர் விசுவாசத்துக்குத் தம் குரலைக் கடனாகக் கொடுத்தவர்கள் அவர்கள்.

அநாதை என்று சொன்ன பிள்ளை

கணேசன் 1928 அக்டோபர் 1 அன்று பிறந்தார். தந்தை சின்னையா மன்றாயர் விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். தாய் இராஜாமணி அம்மையார். குடும்பம் திருச்சிக்குக் குடிபெயர்ந்து சங்கிலியாண்டபுரத்தில் வாழ்ந்தது. அங்கே ஒருநாள் கட்டபொம்மன் கூத்தைச் சிறுவன் கணேசன் பார்த்தான். அந்த இரவில் பற்றிய ஆசை, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை அவர்களின் நாடகக் குழுவில் அவனைக் கொண்டு சேர்த்தது. தாயும் தந்தையும் இருக்கும்போதே, அநாதை என்று சொல்லிக் குழுவில் சேர்ந்ததாக அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். கூத்தாடியாவதற்கு ஒரு குழந்தை முதலில் துறக்க வேண்டியிருந்தது தன் வீட்டை.

முதல் வேடம் சீதை. பின்னர் பரதன், சூர்ப்பனகை, இந்திரஜித்து. ஒரே இராமாயணத்தில் துன்புறுகிறவளாகவும், தியாகம் செய்கிறவனாகவும், வஞ்சிக்கப்பட்டவளாகவும், வீழ்கிறவனாகவும் அடுத்தடுத்து நின்ற பிள்ளை அது. ஒரு வழக்கை எல்லாப் பக்கமும் நின்று பார்க்கும் பயிற்சி வழக்கறிஞருக்குக்கூட இவ்வளவு இளமையில் கிடைப்பதில்லை. பள்ளிப்படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் தமிழை அவர் உச்சரித்த விதத்தைக் கேட்டுப் பழகிய பாமரரும் பின்னாளில் நல்ல தமிழ் பேசக் கற்றார்கள்.

1940களின் நடுவில், அறிஞர் அண்ணா எழுதிய ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் மராட்டிய வேந்தனின் வேடம், வேறொருவருக்கு உரியதாக இருந்து, இவரிடம் வந்தது. நீண்ட வசனங்களை மிகக் குறுகிய நேரத்தில் பாடமாக்கி நடித்தார். நாடகத்தைப் பார்த்த தந்தை பெரியார், இனி இவர் சிவாஜி என்றார். நாடகத்தையே ஐயக்கண்ணோடு பார்த்த சமூகத்தில், ஒரு வேடமே மனிதனுக்கு நிலையான பெயரானது.

வேலூர் நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ. பெருமாள் அவர்கள், மேடையில் ‘நூர்ஜகான்’ வேடத்தில் இவரைக் கண்டவர். ‘பராசக்தி’ படம் தொடங்கியபோது, மெலிந்த உடலும் பெரிய கண்களும் கொண்ட இந்தப் புதுமுகத்தை மாற்றிவிட வேண்டும் என்று படத்தில் பங்குகொண்டிருந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் தரப்பில் எண்ணம் எழுந்தது. பெருமாள் அசையவில்லை. 1952 அக்டோபர் 17, தீபாவளி நாளில் படம் வெளிவந்தது. கலைஞர் மு. கருணாநிதியின் வசனத்தை நீதிமன்றக் கூண்டில் நின்று அவர் பேசிய அந்த நாளோடு தமிழ்த் திரையின் பேச்சே மாறிற்று. பெருமாளின் நன்றியைச் சிவாஜி மறக்கவில்லை. பொங்கல்தோறும் வேலூருக்குச் சென்று அவரை வணங்கிவந்தார் என்று சொல்வார்கள்.

மிகை என்னும் குற்றச்சாட்டு

சிவாஜியின் நடிப்பு மிகையானது என்று அவர் காலத்திலேயே சொன்னார்கள்; இன்றும் சொல்கிறார்கள். இக்குற்றச்சாட்டை எடைபோட, அவர் தலைமுறைக்குச் சற்று மூத்த ஆங்கில நடிகர் அலெக் கின்னஸை அருகில் வைத்துப் பார்க்கலாம். 1949இல் வெளியான ஒரே படத்தில் கின்னஸ் ஒரு குடும்பத்தின் எட்டு உறுப்பினர்களாக நடித்தார். 1964இல் ஏ.பி. நாகராஜன் இயக்கிய ‘நவராத்திரி’யில் சிவாஜி ஒன்பது மனிதராக நடித்தார். இருவரும் மேடையிலிருந்து திரைக்கு வந்தவர்கள். இருவரும் தம்மை அழித்துப் பிறராக மாறுவதையே தொழிலாகக் கொண்டவர்கள். ஆயினும் ஆங்கிலேயர் இமையசைவில் சொன்னதை, தமிழர் தோளையும் நடையையும் அடிவயிற்றுக் குரலையும் கொண்டு சொன்னார்.

காரணம் அவர்கள் பயின்ற அரங்குகளில் இருக்கிறது. ஒலிபெருக்கி அரிதாயிருந்த கொட்டகையில், தரையில் அமர்ந்த கடைசி மனிதனுக்கும் சொல் போய்ச் சேர வேண்டும். அதற்கும் முன்னோடியான தெருக்கூத்திலோ, தீவட்டி வெளிச்சத்தில், விடியும்வரை, குழந்தை அழுகைக்கும் நாய்க் குரைப்புக்கும் மேலாகக் குரல் எழ வேண்டும். அந்த மரபில் அடக்கி நடிப்பது, கடைசி வரிசை ஏழையைப் புறக்கணிப்பதாகும். எழுத்தறியாத மக்கள் தம் துன்பத்துக்குச் சொல் தேடித் திரையரங்குக்கு வந்தார்கள். அவர்களுக்குக் கேட்கும்படி அவர் பேசினார். கண் மட்டும் பேச வேண்டிய இடங்களில் அவர் அதையும் செய்யத் தெரிந்தவர் என்பதற்கு ‘முதல் மரியாதை’ (1985) போதும்.

ஆங்கில மேடையையும் அவர் அறியாதவரல்லர். ‘இரத்தத் திலகம்’ படத்தில் ஒத்தெல்லோவாகவும், ‘சொர்க்கம்’ படத்தில் ஜூலியஸ் சீசராகவும், ‘ராஜபார்ட் ரங்கதுரை’யில் ஹாம்லெட்டாகவும் நின்றார். பள்ளிக்கூடம் பார்க்காத பாய்ஸ் கம்பெனிப் பிள்ளை ஷேக்ஸ்பியரின் மன்னர்களைத் தமிழ்க் கிராமத்துக் கொட்டகைக்குள் அழைத்துவந்தது சிறிய செயலன்று.

கட்டபொம்மனும் கெய்ரோவும்

சிறுவயதில் பார்த்த கூத்தின் கடனை அவர் மறக்கவில்லை. சக்தி கிருஷ்ணசாமி எழுதிய ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ நாடகத்தைத் தம் குழுவினரோடு 1957இல் சேலத்தில் முதன்முதலாக மேடையேற்றினார். கல்வராயன் மலையின் மேற்குச் சரிவிலிருந்து பார்த்தால் அது பக்கத்து நகரம். நூறு முறைக்கு மேல் நடந்த அந்நாடகத்தின் வசூலில் பெரும்பகுதி கல்வி நிறுவனங்களுக்கும் பொதுநலப் பணிகளுக்கும் சென்றது. பள்ளிக்குப் போகாத நடிகர் பள்ளிகளைக் கட்ட உதவினார்.

1959இல் அது படமாயிற்று. ஜாக்சன் துரையாகவும் பானர்மனாகவும் நம் முன் வந்த ஆங்கிலேயர்களும் தமிழ் நடிகர்களே: முன்னவர் சி.ஆர். பார்த்திபன், பின்னவர் ஜாவர் சீதாராமன். 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழா, சிவாஜியைச் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுத்தது. வெள்ளையரை எதிர்த்துத் தூக்குமேடை ஏறிய பாளையக்காரனின் குரல், அண்மையில்தான் அந்நியப் பிடியிலிருந்து விடுபட்ட எகிப்தியருக்குத் தமிழ் தெரியாமலே புரிந்தது.

மெழுகுவர்த்தித் தண்டும் ஞான ஒளியும்

ஜாவர் சீதாராமன் என்ற பெயருக்குப் பின்னால் கத்தோலிக்கர் அறியவேண்டிய ஒரு கதை உண்டு. விக்டர் ஹியூகோவின் ‘லே மிசராப்ல’ 1862இல் வெளியான பிரெஞ்சுப் புதினம். சிறையிலிருந்து வந்த ழான் வல்ழான் தன்னிடம் திருடிய வெள்ளிப் பாத்திரங்களோடு பிடிபட்டபோது, ஆயர் அவனைக் காட்டிக்கொடுக்காமல் வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்தனுப்புகிறார். அதை யோகி சுத்தானந்த பாரதியார் ‘ஏழைபடும் பாடு’ என்று தமிழாக்கினார். 1950இல் அது கே. ராம்நாத் இயக்கத்தில் படமானபோது, இரக்கமற்ற காவல் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமனுக்கு அவ்வேடமே அடைமொழியாக ஒட்டிக்கொண்டது.

அந்த ஆயரின் மெழுகுவர்த்தி வெளிச்சம் மேலும் இருபது ஆண்டுகள் கழித்துத் தமிழ்த் திரையில் மறுபடி எரிந்தது. வியட்நாம் வீடு சுந்தரம் எழுதிய நாடகம், 1972இல் பி. மாதவன் இயக்கத்தில் ‘ஞான ஒளி’ என்ற படமாயிற்று. சிவாஜி அதில் அந்தோணி. கோவில் மணி அடிப்பவன், சவப்பெட்டி செய்பவன், குருவானவர் ஒருவரின் அரவணைப்பில் வளர்ந்த அநாதை. கைப்பிசகாக நேர்ந்த கொலையால் அவன் வாழ்க்கை சிதறுகிறது. பின்னர் வேறு பெயரோடு செல்வந்தனாகத் திரும்பி ஏழைகளுக்கு உதவும் அவனை, பழைய நண்பரான காவல் அதிகாரி லாரன்ஸ் அடையாளம் காண முயல்கிறார். சட்டத்துக்கும் மன்னிப்புக்கும் இடையே நடக்கும் வழக்கு அது. குருவானவரிடம் பெற்ற அன்பே அந்தோணியின் மறுவாழ்வுக்கு வித்து.

நம் பங்குகளில் மணி அடிப்பவரையும் சவப்பெட்டி செய்பவரையும் நாம் எத்தனை முறை நிமிர்ந்து பார்த்திருக்கிறோம்? ஆலயத்தின் ஓரத்தில் நின்ற ஓர் ஏழைக் கத்தோலிக்கனைக் கதையின் நடுவில் நிறுத்தி, தமிழகம் முழுவதையும் அவனுக்காக அழவைத்தவர் கத்தோலிக்கர் அல்லர். அநாதை என்று சொல்லி நாடகக் குழுவில் சேர்ந்த சிறுவன், நாற்பதைத் தாண்டிய வயதில் அநாதை அந்தோணியாக நின்றபோது, அவர் தேடி எடுத்த கண்ணீர் வெகுதூரத்திலிருந்து வந்ததாக இருக்க முடியாது.

இங்கே அலெக் கின்னஸின் வாழ்வில் நடந்த ஒன்றை நினைவுகூரலாம். 1954இல் வெளியான ‘ஃபாதர் பிரவுன்’ படத்துக்காகப் பிரான்சில் ஒரு சிற்றூரில் குருவின் அங்கியோடு அவர் நடந்து செல்கையில், முன்பின் அறியாத சிறுவன் ஒருவன் அவரை உண்மையான குரு என்றெண்ணிக் கையைப் பற்றிக்கொண்டு பேசியபடியே கூட வந்தான். அந்த அங்கியின்மேல் ஒரு குழந்தைக்கு இருந்த நம்பிக்கை அவர் மனத்தில் தங்கியது. 1956 மார்ச் மாதம் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். சிவாஜி மதம் மாறவில்லை; மாற வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நம் வேலை அன்று. வேடம் மெய்யின் எதிரியாக இருக்கவேண்டியதில்லை என்பதற்கு இருவரும் இருவகைச் சாட்சிகள்.

பட்டமும் தொழிலும்

1966இல் பத்மஸ்ரீ, 1984இல் பத்மபூஷண், 1995இல் பிரெஞ்சு அரசின் செவாலியே, 1996ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது. பட்டியல் நீளமானது. ஆனால் சிறந்த நடிகருக்கான தேசிய விருது அவருக்கு ஒருமுறையும் வரவில்லை. 1992இல் வந்த ‘தேவர் மகன்’ படத்துக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது மட்டும் அறிவிக்கப்பட்டது. அரசியலில் அவர் வெற்றி காணவில்லை; 1989இல் திருவையாற்றில் தம் சொந்தக் கட்சியின் சார்பில் நின்று தோற்றார். திரையில் மன்னனாக ஏற்றவரை மக்கள் வாக்குப் பெட்டியில் ஏற்கவில்லை. 2001 ஜூலை 21 அன்று அவர் மறைந்தார். 2006இல் மெரினாவில் எழுந்த அவர் சிலை, நீதிமன்ற ஆணைப்படி 2017இல் அங்கிருந்து அகற்றப்பட்டு அடையாற்று மணிமண்டபத்துக்குச் சென்றது.

இங்கிலாந்து இர்விங்குக்குப் பட்டம் கொடுத்தது. தமிழகம் சிவாஜிக்கு மணிமண்டபம் கட்டியது. தனி மனிதருக்கு வந்த இந்த மதிப்பு அவருடைய தொழிலுக்கும் வந்ததா என்பதே இன்னும் விடை காணாத கேள்வி. திரையில் புகழ்பெற்றவர் ‘கலைஞர்’ ஆனார். அவருக்கு முதல் கனவைக் கொடுத்த கூத்துக்காரர் கூத்தாடியாகவே நின்றார். கூத்துக் குழுக்கள் சுருங்கிவருகின்றன. அக்கலைஞர்களின் பிள்ளைகள் அப்பன் தொழிலைச் சொல்லக் கூசுகிறார்கள் என்றால், அக்கூச்சத்தை விதைத்தவர்கள் பார்வையாளர்களாக அமர்ந்திருந்தவர்களே.

திருச்சபை தன் பழைய கடுமையைத் திருத்திக்கொண்டது. 1965 டிசம்பர் 8 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் நிறைவுற்றபோது, கலைஞர்களுக்கென்று தனியே ஒரு செய்தி விடுத்தது. 1978இல் திருத்தந்தையான இரண்டாம் யோவான் பவுல் இளமையில் தாமே ஒரு மேடை நடிகர். நாசிப் படையினர் போலந்தை ஆண்ட காலத்தில், கிராக்கோவில் வீடுகளுக்குள் மறைவாக நாடகம் நடத்திய குழுவில் 1941 முதல் நடித்தவர். 1999ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா நாளில் அவர் கலைஞர்களுக்கு மடல் எழுதினார். 314இல் நற்கருணையிலிருந்து விலக்கப்பட்ட தொழிலைச் செய்த ஒருவரே பேதுருவின் கட்டிலில் அமர்ந்தார் என்பதைவிடப் பெரிய திருத்தம் வேறென்ன இருக்க முடியும்?

எஞ்சியிருப்பது நம் ஊரில் செய்யவேண்டிய திருத்தம். தவக்காலத்தில் நம் பங்குகளில் திருப்பாடுகளின் காட்சிகளை இளைஞர்கள் நடிக்கிறார்கள். பகலெல்லாம் வேலைசெய்து, இரவில் ஒத்திகை பார்த்து, சிலுவை சுமந்து விழுந்தெழுந்து, முழங்கால் சிராய்ப்போடு மறுநாளும் வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். யூதாசாக நடித்த பிள்ளையைப் பல மாதம் அப்பெயராலேயே கேலி செய்கிறோம். ஆண்டவராக நடித்தவனைத் திரை விழுந்ததும் மறந்துவிடுகிறோம். யாருக்கு எந்த வேடம் என்பதைச் சில இடங்களில் திறமையை விடத் தெருவும் சாதியும் முடிவு செய்கின்றன. கோமுகிக் கரையில் அருச்சுனனை விடிந்ததும் தள்ளிவைத்தவர்களின் வழக்கத்துக்கும் இதற்கும் எத்தனை தூரம்?

பிறர் துயரத்தைத் தன் உடம்பில் வாங்கிக் காட்டுகிறவனே நடிகன். மனிதரின் உடலையே ஏற்று நம்மிடையே குடிகொண்ட ஒருவரை ஆண்டவர் என்று அறிக்கையிடும் நமக்கு, அத்தொழிலை மதிக்க வேறு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. அடுத்த முறை ஊருக்குக் கூத்து வரும்போது, விடிந்த பின்னும் சிறிது நேரம் இருந்து, அரிதாரம் கலைத்துக்கொண்டிருக்கும் அந்த மனிதரின் பெயரைக் கேட்டறிவோம்.